தென்னை வகைகளின் மரபியல் வேறுபாடும் பெயர் நிலைபேறும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னையின் பயிர்வகைகளிடையே காணப்படும் உடலமைப்பு வேறுபாடுகளையும் மரபியல் வேறுபாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. நெல், வாழை, மா ஆகியவற்றிற்குத் தமிழில் வகைப்பெயர்கள் மிகுந்திருக்க, நெட்டைத் தென்னைக்கு அவ்வாறு அமையாமைக்கு அம்மரத்தின் இனப்பெருக்க முறையே காரணம் என்பது கட்டுரையின் கருதுகோள். ‘ஒட்டு’, ‘மரபணு’ ஆகிய சொற்களின் இன்றைய ஆட்சியில் உள்ள பொருள்மயக்கம் தென்னை பற்றிய புரிதலை எவ்வாறு பாதிக்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தெங்கு, நெட்டை, குட்டை, மகரந்தச் சேர்க்கை, வகைப்பெயர், ஒட்டு, மரபுவள அரிப்பு.

முன்னுரை

தமிழில் தாவரப் பெயர்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் சொல்லின் வேர், இலக்கிய ஆட்சி, திணைப்பின்புலம் ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தியுள்ளனர். ஒரு தாவரத்தின் உட்பிரிவுகளுக்குப் பெயர் ஏன் தோன்றுகிறது, ஏன் தோன்றுவதில்லை என்ற வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. சம்பா என்ற ஒரு சொல்லின் கீழ் எத்தனை நெல்வகைகள் அடங்குகின்றன என்பதை உழவர் எளிதில் அடுக்கிச் சொல்வர். வாழையைக் கேட்டால் பூவன், ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன், பச்சைநாடன் என்று பட்டியல் நீளும். அதே உழவரிடம் தென்னையைப் பற்றிக் கேட்டால் ‘நாட்டுமரம்’, ‘நெட்டை’, ‘குட்டை’, ‘ஒட்டு’, ‘செவ்விளநீர்’ என்ற சில சொற்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வீடு நிற்கும் மரத்திற்கு இவ்வளவு குறைவான வகைப்பெயர்களா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இதனைச் சொல்வளக் குறைவு என்று கொள்ள இயலாது. தென்னையின் உறுப்புகளுக்கும் காயின் பருவங்களுக்கும் தமிழில் உள்ள சொற்கள் மிகப்பல. பாளை, குரும்பை, இளநீர், வழுக்கை, தேங்காய், நெற்று, கொப்பரை என்று ஒரே காய் தன் வளர்ச்சியில் பெயர் மாறிக்கொண்டே செல்கிறது. மட்டை, ஓலை, ஈர்க்கு, பன்னாடை, கதம்பை, கொட்டாங்குச்சி, சிரட்டை என உறுப்புப்பெயர்களும் வட்டாரந்தோறும் விரிகின்றன. பருவத்திற்கும் உறுப்பிற்கும் பெயரிட்ட மொழி வகைக்குப் பெயரிடுவதில் மட்டும் சிக்கனம் காட்டியிருப்பின் அதற்கான காரணத்தை மொழிக்கு வெளியேயும் தேடவேண்டியுள்ளது. அதனை மரத்தின் பூவில் தேட முயல்கிறது இக்கட்டுரை.

தெங்கும் தொல்காப்பிய வகைப்பாடும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புறத்தே வயிரம் உடையவை, அகத்தே வயிரம் உடையவை என இரண்டாகப் பகுத்து, முன்னவற்றைப் புல் என்றும் பின்னவற்றை மரம் என்றும் வழங்குகிறது. தெங்கும் பனையும் கமுகும் இவ்வகையில் புல் ஆகின்றன. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புச்சொற்களையும் அந்நூல் புல்லுக்கு உரியனவாகத் தனித்துத் தொகுக்கிறது. இன்றைய தாவரவியலிலும் தென்னை, நெல்லையும் மூங்கிலையும் போல ஒருவித்திலைத் தாவரமே. ஆண்டுதோறும் தண்டு பருத்து நடுவே வயிரம் பாயும் அமைப்பு அதற்கு இல்லை. இரு வகைப்பாடுகளும் ஒன்றே என்று கூறுவது மிகையாகும். தண்டின் கட்டமைப்பைக் கூர்ந்து நோக்கியதன் விளைவாக இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்வது தகும்.

இந்தத் தண்டமைப்பிற்கும் இக்கட்டுரையின் பொருளுக்கும் நேரான தொடர்பு உண்டு. தென்னைக்குக் கிளை இல்லை. வளரும் குருத்து ஒன்றே. அகவயிரம் உடைய மரங்களில் பட்டைக்கு அடியில் அமையும் வளர்படலம் இதில் இல்லாமையால் ஒரு மரத்தின் துண்டை மற்றொன்றில் ஒட்டவைக்க இயலாது. பக்கக்கன்றும் பொதுவாகத் தோன்றுவதில்லை. ஆகவே தென்னையைப் பெருக்குவதற்கு நடைமுறையில் உள்ள வழி நெற்றை முளைக்கவைப்பது ஒன்றே. ஒவ்வொரு கன்றும் தாய், தந்தை இருவரின் கலப்பால் விளைந்த புதிய உயிர்.

கனியைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. தேங்காயைக் கொட்டை வகையில் சேர்ப்பது உலக வணிக வழக்கு. தாவரவியலில் அது கொட்டை அன்று. மாங்கனியைப் போல மூன்று அடுக்குச் சுவர் உடைய உள்ஓட்டுக்கனி. மாவில் சதையாகத் திரளும் நடுஅடுக்கு தென்னையில் நாராகிக் கதம்பையாகிறது, உள்அடுக்கு சிரட்டையாகிறது. முற்றியதையும் காய் என்றே வழங்கும் இன்றைய வழக்கிற்கு மாறாகச் சீவக சிந்தாமணி அதனைப் பழம் என்ற சொல்லால் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

உடலமைப்பு வேறுபாடு

கோகோஸ் நியூசிஃபெரா என்பது தன் பேரினத்தில் எஞ்சியுள்ள ஒரே சிற்றினம். அதற்குள்ளேயே வேறுபாடுகள் விரிந்து கிடக்கின்றன. நெட்டை மரங்கள் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து அறுபது, எண்பது ஆண்டுகள் வாழக்கூடியவை. முதற்பாளை வெளிவர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். அடித்தண்டு பருத்துக் கிண்ணம் போல் விரியும். குட்டை மரங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே பாளை விடுகின்றன. தண்டு மெலிந்து அடியில் பருமன் இன்றி நிற்கும், மட்டைத் தழும்புகள் நெருங்கி அமையும், வாழ்நாளும் குறைவு. நெட்டையின் பருப்பு தடித்தது, கொப்பரைக்கு ஏற்றது. குட்டையின் பருப்பு மெல்லியது. அதன் சிறப்பு இளநீரில் உள்ளது. உலகத் தென்னைகளில் குட்டையின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு என்பர்.

கேரளத்தில் சாவக்காட்டுப் பச்சைக் குட்டைக்குப் ‘பதினெட்டாம்பட்டை’ என்று ஒரு வழக்குப்பெயர் உண்டு. பட்டை என்பது அங்கு மட்டையைக் குறிக்கும். பதினெட்டாம் மட்டை தோன்றும் இளமையிலேயே பாளை விடும் என்பது பெயரின் பொருள். ஆய்வாளர் ‘முன்பூப்பு’ என்று குறிக்கும் பண்பை உழவர் மட்டையை எண்ணிப் பெயராக்கியுள்ளனர்.

காயின் வடிவிலும் இரு முனைகள் உள்ளன. நீண்டு, மூன்று பக்கங்கள் துலங்க, கதம்பை தடித்து, நீர் குறைந்து, தாமதமாக முளைக்கும் காய் ஒரு முனை. உருண்டு, கதம்பை மெலிந்து, நீர் மிகுந்து, விரைந்து முளைக்கும் காய் மறுமுனை. ஹியூ ஹாரிஸ் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்னதை ‘நியு காஃபா’ என்றும் பின்னதை ‘நியு வாய்’ என்றும் பெயரிட்டார். இவை சமோவா மொழிச் சொற்கள். காஃபா என்பது தென்னைநார்க் கயிற்றையும் வாய் என்பது நீரையும் குறிக்கும். அலையில் மிதந்து தானாகக் கரைசேர ஏற்றது முதல்வகை; கடலோடிகள் குடிநீருக்காகத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியது இரண்டாம் வகை என்பது அவர் கருத்து. பசிபிக் தீவுமக்களின் பயன்வழிப் பெயர்கள் உலக அறிவியலின் கலைச்சொற்களாக ஏற்கப்பட்டமை, வழக்குச்சொல்லைத் தாழ்வாக எண்ணும் கலைச்சொல்லாக்கத்தார் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

பூவின் காலக்கணக்கு

நெட்டை, குட்டை என்ற பெயர்கள் உயரத்தைச் சுட்டுகின்றன. மரபியல் நோக்கில் உயரத்தைவிட அடிப்படையான வேறுபாடு பாளைக்குள் உள்ளது. தென்னையின் ஒரே பாளையில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் அமைகின்றன. கதிர்க்கிளைகளின் மேற்பகுதியில் ஆண்பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அடியில் சில பெண்பூக்கள் உருண்டை மணிகளாய் அமையும். நெட்டையில் பாளை வெடித்ததும் ஆண்பூக்கள் மலரத் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் மகரந்தத்தை உதிர்த்துத் தீர்ந்துவிடுகின்றன. பெண்பூக்கள் ஏற்புநிலை அடைவது பெரும்பாலும் அதன் பின்னரே. எனவே அவற்றுக்கு வேறு மரத்தின் மகரந்தம் தேவைப்படுகிறது. காற்றும் தேனீயும் அதனைக் கொண்டுசேர்க்கின்றன. குட்டையில் இவ்விரு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன; பெண்பூ தன் பாளையின் மகரந்தத்தையே பெறுகிறது.

இதன் விளைவு பெரிது. தலைமுறைதோறும் தன்மகரந்தம் ஏற்கும் குட்டையில் ஒவ்வொரு பண்பிற்கும் உரிய இரு மரபுக்கூறுகளும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. பிள்ளை தாயை அப்படியே ஒத்திருக்கும். நெட்டையில் ஒவ்வொரு காய்க்கும் தந்தை வேறு. ஒரு குலையின் பத்துக் காய்களுக்குப் பத்துத் தந்தையர் இருத்தல்கூடும். தாய்மரத் தேர்வு என்று உழவர் மரபில் வழங்கும் முறை, அதாவது நடுத்தர வயதுடைய, ஆண்டுதோறும் தவறாது காய்க்கும் மரத்திலிருந்து நெற்று எடுப்பது, அறிவுடைய செயலே. எனினும் அது பரம்பரையின் பாதியை மட்டுமே தேர்கிறது. மறுபாதி காற்றில் வந்தது.

உயரமும் பூக்கும் முறையும் எப்போதும் இணைந்து செல்வதும் இல்லை. ஃபிஜித் தீவின் ‘நியு லேக்கா’ குட்டையாயினும் அயல்மகரந்தம் ஏற்பது. இலங்கையின் செவ்விளநீர் மரம் வழக்கமான குட்டையைவிட உயர்ந்து வளர்ந்தும் தன்மகரந்தத்தால் மரபு காப்பது. ஆந்திரத்தின் கங்காபொண்டம் இவ்விரு பெயருள் எதற்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. உயரத்தை மட்டும் சுட்டும் பெயர்கள் நடைமுறைக்குப் போதும், விளக்கத்திற்குப் போதா.

இரு கடல்களின் தென்னை

புறத்தோற்றத்தைக் கொண்டு வகுத்த பிரிவுகள் மரபியல் சோதனையில் எவ்வளவு நிலைக்கின்றன என்பதற்குப் பீ கன், லூக் போதுவென், கென்னத் ஓல்சன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு விடைதருகிறது. உலகின் பல பகுதிகளிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட மரங்களின் டி.என்.ஏ.-வை 10 மைக்ரோசாட்டிலைட் குறியிடங்களில் அவர்கள் ஒப்பிட்டனர். தென்னைகள் தெளிவாக இரண்டு பெருங்குழுக்களாகப் பிரிந்தன. ஒன்று பசிபிக் குழு. மற்றொன்று இந்திய–அட்லாண்டிக் குழு; தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகியவை அதன் தாயகப் பகுதி. மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்விரு குழுக்களுக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. இரண்டு கடற்பகுதிகளில் தென்னை தனித்தனியே பயிராக்கப்பட்டது என்ற முடிவுக்கு இது இட்டுச்சென்றது.

அட்லாண்டிக் கரைகளில் வளரும் மரங்கள் இந்தியக் கடல் மரபினவாக இருப்பதன் காரணம் வரலாற்றில் உள்ளது. வாஸ்கோட காமாவின் பயணத்திற்குப் பின்னர்ப் போர்த்துகேயர் இக்கடலிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவிற்கும், அங்கிருந்து கரீபியத்திற்கும் பிரேசிலுக்கும் தென்னையைக் கொண்டுசென்றனர். மடகாஸ்கர், கொமொரோத் தீவுப் பகுதி மரங்களில் மட்டும் இரு குழுக்களின் கலப்பும் காணப்படுவது ஆஸ்திரோனேசியக் கடலோடிகள் சென்ற வழியோடு பொருந்துகிறது.

தமிழகத்திற்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்றும் இவ்வாய்வில் உண்டு. குட்டை வளர்ச்சி, தன்மகரந்தச் சேர்க்கை, உருண்ட காய் ஆகிய பண்புகள் பசிபிக் குழுவிலேயே தோன்றியவை. குட்டைகள் உலகில் எங்கு வளர்ந்தாலும் பெரும்பாலும் அக்குழுவின் தென்கிழக்காசியக் கிளையோடு உறவுடையவை. ஆகவே ஊர்ப்பெயரையே தாங்கி நெடுங்காலமாக நம்மிடையே வழங்கும் குட்டைகளும் தொலைவழியில் கிழக்குக்கடல் விருந்தினரே. எந்தப் பெயரும் இன்றி ‘நாட்டுமரம்’ என்று ஒதுங்கி நிற்கும் நெட்டையே இக்கடலின் பழங்குடி. பட்டினப்பாலை வாழைக்கும் கமுகிற்கும் அருகே நிறுத்தும் தெங்கு இந்த நெட்டையின் முன்னோராகவே இருத்தல்வேண்டும் எனக் கருத இடமுண்டு. தென்னை என்ற பெயரைத் தென்திசையோடு தொடர்புபடுத்திக் கால்டுவெல் காலந்தொட்டுக் கூறப்படும் விளக்கம் உறுதியானது அன்று. ஆயினும் இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட தென்கடற்பகுதி அம்மரத்தின் பழைய தாயகங்களுள் ஒன்று என்பதற்கு மரபியல் சான்று தருகிறது.

உயர வேறுபாட்டின் மரபியல் அடிப்படையும் இப்போது ஓரளவு தெளிந்துள்ளது. ஹைனான் நெட்டையின் மரபணுத்தொகுதி 2017-இல் வெளியிடப்பட்டது. 2021-இல் நெட்டை, குட்டை இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு, ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் உருவாக்கத்தில் பங்குகொள்ளும் ஒரு மரபணுவின் செயல்பாட்டு வேறுபாட்டோடு உயரத்தைத் தொடர்புபடுத்தியது. பசுமைப்புரட்சியின் குட்டை நெல்லும் இதே ஊக்கியின் உருவாக்கப் பாதையில் நேர்ந்த மாற்றத்தால் அமைந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பெயர் நிலைக்கும் இடம்

மேற்கூறிய உயிரியல் செய்திகளின் துணையோடு வகைப்பெயர் பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். ஒரு வகைக்குப் பெயர் நிலைக்கவேண்டுமாயின் அப்பெயர் சுட்டும் பண்புத்தொகுதி தலைமுறை கடந்து மாறாதிருத்தல் வேண்டும். நெல் தன்மகரந்தத்தால் பெருகுவது. மாப்பிள்ளைச் சம்பாவின் விதை மாப்பிள்ளைச் சம்பாவாகவே விளையும். வாழை பக்கக்கன்றால் பெருகுவது. பூவனின் கன்று பூவனே. மா அயல்மகரந்தம் ஏற்பது. ஆனால் ஒட்டுக்கட்டுவதால் ஒரு மரத்தின் உயிரே பல மரங்களாகத் தொடர்கிறது. இம்மூன்றிலும் பெயர்கள் மிகுந்துள்ளன. விதையால் மட்டும் பெருக்கப்பட்டுவந்த, அயல்மகரந்தம் ஏற்கும் பலாவிலோ வருக்கை, கூழை என்ற சுளையின் தன்மை குறித்த பெயர்களே பொதுவழக்கில் முதன்மை பெற்றன. பனையில் ஆண், பெண் மரங்கள் வேறுவேறு. அங்கும் ஆண்பனை, பெண்பனை என்ற பால்வழிப் பெயர்களே மேலோங்கி நிற்கின்றன.

நெட்டைத் தென்னை இந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. தனிமரத்தின் பண்பு பிள்ளைக்கு முழுமையாகச் செல்லாமையால் தனிமரத்தை அடியொற்றிய பெயர் ஒரு தலைமுறையில் பொய்த்துவிடும். மாறாது நிற்கும் குட்டைகளுக்கும் செவ்விளநீருக்கும் பெயர்கள் நிலைத்தன. அவையும் நிறத்தைச் சார்ந்தே அமைந்தன. காயின் நிறம் சில மரபணுக்களாலேயே முடிவாகும் பண்பு என்பதால் தன்மகரந்தம் ஏற்கும் மரங்களில் அது மாறுவதில்லை.

நெட்டைகளுக்கு வழங்கும் சில பெயர்கள் ஊர்ப்பெயர்களாக இருப்பதும் தற்செயல் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈத்தாமொழி நெட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அரசம்பட்டி நெட்டை, கருநாடகத்தின் திப்தூர் நெட்டை ஆகியவை எடுத்துக்காட்டுகள். ஒரு வட்டாரத்து மரங்கள் தம்முள் மகரந்தம் பரிமாறிக்கொண்டு, அம்மண்ணுக்கும் மழைக்கும் உழவரின் தேர்வுக்கும் ஏற்பப் பொதுவான சாயல் ஒன்றைப் பெறுகின்றன. ஊர்ப்பெயர் அந்தச் சாயலைச் சுட்டுவது. பயிரியலார் இதனைத் தொகை என்பர். உழவர் தனிமரத்திற்குப் பெயரிடாமல் ஊருக்குப் பெயரிட்டபோது இந்த உண்மையையே பின்பற்றியுள்ளனர். ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தமையும், ஆழியார்நகர் ஆய்வு நிலையம் அரசம்பட்டி நெட்டையிலிருந்து ஏ.எல்.ஆர். 1 வகையைத் தேர்ந்தமையும் இவ்வூர்ப்பெயர்களின் பயனை உணர்த்துவன.

‘ஒட்டு’ என்னும் சொல்

பெயர் பற்றிய இந்த ஆய்வு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதை ‘ஒட்டு’ என்ற சொல் காட்டுகிறது. ஒட்டுமா என்பதில் ஒட்டு என்பது ஒரு செடியின் பகுதியை மற்றொன்றில் பொருத்துவது. வீரிய ஒட்டு நெல், ஒட்டுத் தென்னை என்பவற்றில் அதே சொல் இரு வகைகளின் கலப்பால் பிறந்த விதையைக் குறிக்கிறது. முன்னதில் கலப்பே இல்லை. ஒரு மரத்தின் படியே கிடைக்கிறது. பின்னதில் கலப்பே முழுப்பொருள். நேர்மாறான இரு செயல்களுக்கு ஒரே சொல் வழங்கிவருகிறது.

தென்னையில் நெட்டை, குட்டைக் கலப்பு சென்னை மாகாணத்தில்தான் வேரூன்றியது. 1916-இல் மாகாண அரசு காசர்கோட்டிலும் நீலேசுவரம் பகுதியிலும் தென்னை ஆய்வு நிலையங்களை அமைத்தது. ஜே. எஸ். பட்டேல் நீலேசுவரத்தில் மேற்குக்கரை நெட்டையையும் சாவக்காட்டுப் பச்சைக் குட்டையையும் 1930-களில் கலந்து, பிள்ளைகளில் தோன்றிய கலப்பு வீரியத்தை வெளியிட்டார். தென்னை பற்றிய அவருடைய தனிநூல் 1938-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. பின்னர்த் தஞ்சை மாவட்டத்து வேப்பங்குளம் நிலையம் கிழக்குக்கரை நெட்டையைத் தாயாகக் கொண்டு வி.எச்.சி. கலப்பினங்களை உருவாக்கியது.

கலப்பினம் முதல் தலைமுறையில் சீராக இருப்பதற்குக் காரணம் ஒவ்வொரு பிள்ளையும் நெட்டையிடமிருந்து ஒரு பாதியையும் குட்டையிடமிருந்து ஒரு பாதியையும் பெறுவதே. அம்மரத்தின் காயை மீண்டும் நெற்றாக்கி நட்டால் அந்தப் பாதிகள் கலைந்து பிரிகின்றன. பக்கத்துத் தோப்பின் மகரந்தமும் சேர்கிறது. அடுத்த தலைமுறையில் சில நெட்டை, சில குட்டை, சில இரண்டுமற்றவை எனக் கலவை விளையும். ஒட்டுமாவின் தொடர்ச்சியை அறிந்த ஒருவர் ஒட்டுத்தென்னையும் அவ்வாறே தொடரும் என எண்ணுவதற்குச் சொல்லே வழிவகுக்கிறது. நெல்லில் இப்பிழை ஒரு போகத்தில் வெளிப்பட்டுவிடும். தென்னையில் வெளிப்பட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் தோப்பு நட்டு முடிந்திருக்கும். இவ்விடத்தில் ‘கலப்பினத் தென்னை’ என்ற தொடரே பொருத்தமானது. அரசுத்துறை வெளியீடுகளும் பாடநூல்களும் ஒட்டு என்ற சொல்லைப் பதியமுறைக்கு மட்டும் உரித்தாக்குதல் நன்று.

நாற்றங்காலில் கலப்பினத்தை இனங்காண உழவரும் பணியாளரும் கையாளும் அளவுகோல் எளியது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் குட்டையைத் தாயாகவும் நெட்டையைத் தந்தையாகவும் கொண்டு கலக்கும்போது, உண்மையான கலப்புக் கன்றின் மட்டைக்காம்பு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். தாயின் நிறத்திலேயே ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ நிற்கும் கன்று தன்மகரந்தத்தால் பிறந்தது, அது நீக்கப்படும். மரபணுவின் ஓங்குதன்மையைக் கண்ணால் படிக்கும் முறை இது.

‘மரபணு’ என்ற சொல்லும் ஒரு குறிப்பை வேண்டுகிறது. தமிழகத்தில் அது ஒருகால் தனித்த மரபலகையும் ஒருகால் டி.என்.ஏ. முழுவதையும் குறிக்கிறது, ‘மரபணுச் சோதனை’ என்பதில் பின்னது. இலங்கைப் பாடநூல் மரபில் பரம்பரையலகு, நிறமூர்த்தம் என்ற சொற்கள் தனித்தனியே பொருள் வரையறை பெற்றுள்ளன. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டுச் சீர்செய்வது தனிக்கட்டுரைக்கு உரியது.

இலங்கை வகைப்பாடும் அரிய வடிவங்களும்

இலங்கையில் 1958-இல் லியனகே வகுத்த பிரிவு தென்னையை மூன்றாக்கியது: நெட்டையாகிய டிபிகா, குட்டையாகிய நானா, செவ்விளநீரை உள்ளடக்கிய ஔரான்டியாகா. நெட்டை, குட்டை என்ற இருமைக்குள் அடங்காத மரத்திற்கு அப்பிரிவு தனியிடம் தந்தது. டிபிகாவின் கீழ் வரும் சில வடிவங்கள் சிங்கள வழக்குப்பெயர்களோடே பதிவாயின. நவசியில் இளங்காயின் கதம்பை மென்மையாகித் தின்னத்தக்கதாக இருக்கும். போதிரியில் குலை நிறையச் சிறுசிறு காய்கள் நெருங்கிக் காய்க்கும்.

திகிரி என்று இலங்கையிலும் மகபுனோ என்று பிலிப்பைன்சிலும் கோபியோர் என்று இந்தோனேசியாவிலும் வழங்குவது நீர் வற்றிப் பருப்பு களிபோல் நிரம்பும் காய். நம் பகுதியில் இதற்குத் தயிர்த்தேங்காய் என்ற பெயர் உண்டு. ஒடுங்கிய மரபுக்கூறு ஒன்று தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேரும்போது மட்டும் இப்பண்பு தோன்றுகிறது. ஆதலின் ஒரே குலையில் இயல்பான காய்களுக்கிடையே சில மட்டும் இவ்வாறு அமையும். இக்காய் தானாக முளைக்காது. கருவுக்கு ஊட்டம் தரவேண்டிய திசு கெட்டுவிடுவதே காரணம். கரு நலமாகவே இருக்கும். பிலிப்பைன்சில் எமெரிட்டா டி குஸ்மான் 1960-களில் அக்கருவைப் பிரித்துச் செயற்கை ஊட்டத்தில் வளர்த்துக் கன்றாக்கினார். அவ்வாறு வளர்ந்த மரம் பிறமரங்களின் மகரந்தம் அணுகாதவிடத்து இவ்வகைக் காய்களையே தருவது. இயல்பில் தன் மரபைத் தொடர இயலாத காய்க்குப் பலமொழிகளிலும் தனிப்பெயர் இருப்பது மேற்கூறிய கருதுகோளுக்கு முரணாகத் தோன்றலாம். அப்பெயர்கள் மரத்தைச் சுட்டாமல் கையில் வந்த காயைச் சுட்டுவன என்பதை நோக்கின் முரண் நீங்கும்.

மரபுவள அரிப்பு

வேறுபாடு குறைந்தால் நேர்வது என்ன என்பதை ஜமைக்காவின் வரலாறு காட்டும். அத்தீவின் தென்னைகள் பெரும்பாலும் போர்த்துகேய வழியில் வந்த அட்லாண்டிக் நெட்டைகள். மிகச்சில காய்களின் வழித்தோன்றல்கள். ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் மஞ்சள் நோய் 1960-களிலிருந்து அவற்றைப் பேரளவில் அழித்தது. எதிர்ப்புத்திறன் காட்டிய மலேயாக் குட்டையும், மலேயா மஞ்சள் குட்டையைப் பனாமா நெட்டையுடன் கலந்து பெற்ற ‘மேபன்’ கலப்பினமும் தீவெங்கும் நடப்பட்டன. 1990-களில் தொடங்கிய அடுத்த அலையில் இவையும் பேரளவில் மடிந்தன. ஒரு சீரான வகைக்கு மாற்றாக மற்றொரு சீரான வகையை நட்டமை இழப்பை இருமுறை நேரச் செய்தது.

தென்னிந்தியச் சூழலில் இதே வினா வேறு உருவில் நிற்கிறது. கேரள வேர்வாடல் நோய் தென்காசி, தேனி, பொள்ளாச்சிப் பகுதிகளுக்கும் பரவியுள்ளது. நோய்க்களத்திலேயே நலமாக நின்ற சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்து எதிர்ப்புத்திறனைத் தேர்ந்து, அதனை மேற்குக்கரை நெட்டையோடு கலந்து ‘கல்பசங்கரா’ உருவாக்கப்பட்டது. 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பகுதிகளில் தோன்றிய சுருள் வெள்ளை ஈயோ குட்டைகளையும் கலப்பினங்களையும் மிகுதியாகத் தாக்கியது. சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை அவற்றுள் கடுந்தாக்குதலுக்கு ஆளானது. ஒரு பகைக்கு வலியது மற்றொன்றிற்கு எளியது. எந்த மரம் எப்போது தேவைப்படும் என்பதை முன்னறிய இயலாது.

2018 நவம்பர் 16-இல் வேதாரணியத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் மட்டும் பல இலட்சம் தென்னைகள் சாய்ந்தன. அவற்றுள் பெரும்பகுதி நாட்டு நெட்டை. வாழ்வாதாரம் இழந்த குடும்பத்திற்கு ஏழாண்டு காத்திருப்பைவிட மூன்றாண்டில் காய்க்கும் கன்று நலமாகத் தோன்றுவதில் பிழை காண இயலாது. ஆயினும் சாய்ந்த நெட்டைத்தொகையின் மரபுவளம் வேறெங்கும் சேமித்துவைக்கப்பட்டிருந்தாலன்றி அதனை மீட்க வழியில்லை.

அச்சேமிப்பும் எளிதன்று. நெல்விதையை உலர்த்திக் குளிர்பதனத்தில் பல்லாண்டுகள் வைக்கலாம். தேங்காய் உலர்ந்தால் உயிரிழக்கும், வைத்திருந்தால் முளைத்துவிடும். எனவே தென்னைக்கு விதைக்கிடங்கு என்பது மரங்கள் நிற்கும் நிலமே. காசர்கோட்டின் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நானூற்றுக்கும் மேற்பட்ட தொகைகளை இவ்வாறு பேணுகிறது. தென்னாசியாவிற்கான பன்னாட்டுத் தென்னை மரபுவங்கி கருநாடகத்தின் கிடுவில் உள்ளது. நெட்டையாயின் ஒரு தொகைக்குப் பல மரங்கள் வேண்டும். அயல்மகரந்தம் புகாமல் பாளைக்கு உறையிட்டு, ஆண்பூ நீக்கி, மகரந்தம் தூவி அடுத்த தலைமுறையை உருவாக்கவேண்டும். கருவை உறைநிலையில் காக்கும் முயற்சிகள் வளர்ந்துவரினும் நிலவங்கியின் இடத்தை இன்னும் அவை எடுக்கவில்லை.

ஒரு தொகை வங்கியில் சேரும்போது அதனுடன் சேர்த்துப் பதியப்படும் முதற்செய்தி அதன் பெயரும் ஊருமே. சேகரிப்பாளர் எந்த ஊரை நாடிச் செல்லவேண்டும் என்பதையும் பெரும்பாலும் பெயரே முடிவு செய்கிறது. பெயரில்லாத நாட்டுமரத்தொகை தேடுவோர் கண்ணில் படாமலே மறையும் வாய்ப்பு மிகுதி. நெற்று எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோப்பின் காய் ‘தடித்த கதம்பை’, ‘முந்திப் பூப்பது’ என்று பேசப்படுகிறது, பதினெட்டாம்பட்டை போன்ற பண்புவழிப் பெயர்கள் தமிழக வட்டாரங்களில் எவ்வாறு வழங்குகின்றன என்பவற்றைத் தோப்புகளில் நேரில் கேட்டுத் தொகுக்கும் பணி தமிழ்த்துறைகளின் வட்டாரச் சொல்லகராதித் திட்டங்களுக்குள் வரவேண்டியது. டெல்டாவின் நாட்டு நெட்டைகளை நட்டு, நெற்றெடுத்துப் பெயர்சொன்ன தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர்.